எண்ணெய்க் கம்பெனியின் கணக்கைத் திறந்த அம்மையார்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் உச்ச நீதிமன்றம் 1911-ம் வருஷம் மே மாதம் 15-ந் தேதியன்று ஒரு தீர்ப்பு வழங்கிற்று. அந்நாட்டின் எண்ணெய் வியாபாரத்தில் பெரும்பகுதியைத் தன் கைக்குள் அடக்கியிருந்த ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி, வியாபார சுதந்திரத்துக்கு விரோதமான ஏகபோக ஸ்தாபனம் என்று அந்நீதிமன்றம் தீர்மானித்து, அதைக் கலைத்துவிடும்படி உத்தரவிட்டது. ஒரே கம்பெனி 34 கம்பெனிகளாகப் பிரிந்தது. அத்தீர்ப்பைப் பெறுவதற்குச் சர்க்கார் வக்கீல்கள் பல வருஷம் உழைத்தார்கள். அவர்களுக்கு முன்னதாகவே, பதவியும் பணபலமும் இல்லாத ஒரு பெண்மணி அந்த வழக்கின் அஸ்திவாரத்தைக் கட்டி முடித்திருந்தார். அவர்தாம் ஐடா டார்பெல் அம்மையார்.

அம்மையார் காலமாகி 80 வருஷங்களுக்கு மேலாகின்றன. அவருடைய சரித்திரத்தை இன்று நம் நேயர்களுக்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. எண்ணெயையும் நிலக்கரியையும் விட்டுச் சூரிய ஒளியையும் காற்றையும் நாட வேண்டுமென்று இன்று பல தேசத்துச் சர்க்கார்கள் பேசுகின்றன. பேச்சு வேகமாயிருக்கிறது, காரியம் மெதுவாகவே நடக்கிறது. உலகத்தார் உபயோகிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இன்னமும் நிலக்கரி, எண்ணெய், இயற்கை வாயு என்ற மூன்றிலிருந்தே கிடைக்கிறது. விஞ்ஞானத்தின் குறைவு ஒன்றினால்தான் இந்தத் தாமதம் என்று சொல்வதை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு பொருளின்றி ஜனங்கள் வாழவே முடியாது என்ற நிலைமையை ஒரு ஸ்தாபனம் எவ்விதம் உண்டாக்குகிறது, உண்டாக்கிய நிலைமையை எவ்விதம் காப்பாற்றிக் கொள்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புவோர் அம்மையாரின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

ஐடா டார்பெல் 1857-ம் வருஷம் நவம்பர் மாதம் 5-ந் தேதி பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஈரி ஜில்லாவில், தம் தாய்வழிப் பாட்டனாரின் மரவீட்டில் பிறந்தார். தகப்பனார் பிராங்க்ளின் டார்பெல் உபாத்தியாயராகவும் தச்சராகவும் ஜீவனம் செய்து வந்தவர். குழந்தைக்கு இரண்டு வயது நடக்கும்போது, 1859-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், அதே மாகாணத்திலுள்ள டைட்டஸ்வில் என்னும் ஊருக்கருகே டிரேக் என்பவர் 70 அடிக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில் பூமியைத் துளைத்து எண்ணெய் எடுத்தார். அதன்பின் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஜனங்கள் வெள்ளமாக வந்து குவிந்தார்கள். கிணற்றிலிருந்து பொங்கி வரும் எண்ணெயைச் சேமித்துவைக்கப் பாத்திரம் இல்லாத சமயம் அது. பிராங்க்ளின் டார்பெல் மரத்தினால் பெரிய தொட்டிகள் செய்து விற்கத் தொடங்கினார். குடும்பம் நல்ல நிலைக்கு வந்தது.

ஆகவே, எண்ணெயின் செல்வத்தையும் அதன் கேட்டையும் அம்மையார் சிறு வயதிலேயே ஒருங்கே கண்டார். மரங்கள் பட்டுப்போய், மண் கறுத்து, ஓடைகளில் எண்ணெய் மிதந்த பூமியில் அவர் வளர்ந்தார். பிட்ஹோல் என்ற ஊர் 1865-ல் சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கான ஜனங்களோடு முளைத்தது. கிணறுகள் வற்றியதும் அதே வேகத்தில் பாழாய்ப் போயிற்று. ஏராளமான பொருட்செலவில் அங்கே கட்டப்பட்ட ஒரு ஹோட்டலைத் தகப்பனார் 600 டாலருக்கு விலைக்கு வாங்கிப் பிரித்து, அந்த மரங்களையும் ஜன்னல்களையும் கொண்டு டைட்டஸ்வில்லில் தம் குடும்பத்துக்கு வீடு கட்டினார். 1870-ல் அவர்கள் அவ்வூரில் குடியேறினார்கள்.

இரண்டு வருஷங்கள் சென்றன. ஐடாவுக்குப் பதினான்கு வயது. 1872-ம் வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள், எண்ணெய்ப் பிரதேசத்தின் ரயில் கட்டணம் திடீரென்று ஏறக்குறைய இரட்டிப்பாகப் போகிறது என்று செய்தி பரவிற்று. சவுத் இம்ப்ரூவ்மெண்ட் கம்பெனி என்ற பெயரில் ஒரு கூட்டத்தார் மூன்று பெரிய ரயில்வே கம்பெனிகளுடன் ரகசிய ஒப்பந்தம் செய்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பலம் மிகுந்தவர்கள் ஒஹையோ மாகாணத்தில் கிளீவ்லாந்து நகரத்தைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியார். அவர்களுடைய தலைவர் ஜான் ராக்பெல்லர்.

ஒப்பந்தத்தின் ஷரத்துக்களைக் கவனிக்க வேண்டும். எல்லாருக்கும் கட்டணம் உயரும். கூட்டத்தைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு பகுதி கழிவாகத் திருப்பிக் கொடுக்கப்படும். இவ்வளவோடு நின்றிருந்தால் அதைப் பாரபட்சம் என்று சொல்லி விடலாம். கூட்டத்தில் சேராதவன் தன் எண்ணெயை அனுப்பச் செலுத்தும் கட்டணத்திலும் ஒரு பகுதி இவர்களுக்கே சேரும் என்று மற்றொரு ஷரத்து இருந்தது. யார் எவ்வளவு எண்ணெய் யாருக்கு அனுப்புகிறார்கள் என்ற விவரத்தையும் ரயில்வேக்காரர்கள் இவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அதாவது, போட்டிக்காரன் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துத் தன் கழுத்துக்குக் கயிறு திரித்துக் கொள்ள வேண்டியது.

எண்ணெய்ப் பிரதேசத்தார் பொங்கி எழுந்தார்கள். டைட்டஸ்வில்லில் பெருங்கூட்டம் கூடிற்று. அந்தக் கூட்டத்தாருக்கு ஒரு பீப்பாய் எண்ணெய்கூட விற்பதில்லையென்று கிணற்றுச் சொந்தக்காரர்கள் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். பிராங்க்ளின் டார்பெல்லும் அந்தக் கட்டுப்பாட்டில் நின்றார். சில வாரங்களில் ரயில்வேக்காரர்கள் பணிந்தார்கள். பென்ஸில்வேனியா சட்டசபை அக்கம்பெனியின் சாஸனத்தை ரத்து செய்தது. ஜனங்கள் வெற்றி பெற்றதாக எண்ணினார்கள்.

வெற்றி யாருடையது என்பது பின்னால் தெரிந்தது. இந்தக் கலவரம் நடந்துகொண்டிருந்த வாரங்களுக்குள்ளேயே, கிளீவ்லாந்து நகரத்திலிருந்த 26 சுத்திகரிப்பு ஆலைகளில் 22 ஆலைகளை ராக்பெல்லர் வாங்கிவிட்டார். வரப்போகும் கட்டணத்தை நினைத்து நடுங்கியவர்கள் கொடுத்த விலைக்கு விற்றுவிட்டார்கள். ஒப்பந்தம் செத்தது, அதன் பயன் சாகவில்லை. 1880-ம் வருஷம் வந்தபோது அமெரிக்காவில் சுத்திகரிக்கப்படும் எண்ணெயில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பங்கு ஸ்டாண்டர்டு கம்பெனியின் வசமாயிருந்தது. பிராங்க்ளின் டார்பெல்லுடன் சேர்ந்து தொழில் செய்த ஒருவர் நஷ்டத்தைத் தாங்காமல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். அவருடைய கடனும் டார்பெல்லின் தலையில் விழுந்தது. அதைத் தீர்க்க வீட்டின்மேல் அடமானம் வைக்கும்படி ஆயிற்று.

ஐடா 1876-ல் அல்லெகெனி கலாசாலையில் சேர்ந்தார். அவருடைய வகுப்பில் அவர் ஒருவரே பெண். 1880-ல் பட்டம் பெற்று, இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் போதித்தார். பின்பு ஷடாக்குவன் என்ற மாதப் பத்திரிகையில் எட்டு வருஷத்துக்கு மேல் வேலை செய்தார். எழுத்துப் பிழை திருத்துவது முதல் பத்திரிகையைப் பக்கம் கட்டுவது வரையில் அங்கே கற்றார். 1891-ல், கையில் சொற்பப் பணத்துடன் பாரிஸ் நகரத்துக்குச் சென்றார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து வீராங்கனையான ரோலாந்து அம்மையாரின் சரித்திரத்தை எழுதுவது அவருடைய நோக்கம். பழைய கடிதங்களையும் நூல்நிலையத்துக் கட்டுகளையும் புரட்டி உண்மையைப் பிரித்தெடுக்கும் வித்தை அங்கே அவருக்குக் கைவந்தது.

மக்ளூர் என்ற பத்திரிகாசிரியர் பாரிஸிலேயே அவரைத் தேடிச் சென்று பார்த்தார். 1894 முதல் மக்ளூர் பத்திரிகையில் நெப்போலியன் சரித்திரமும், அதற்குப்பின் ஆபிரகாம் லிங்கன் சரித்திரமும் அம்மையாரின் கையால் வெளிவந்தன. பத்திரிகையின் சந்தாதாரர் தொகை பெருகிற்று. லிங்கனுக்காக அவர் பெரிய மனிதர்களின் நூல்களை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஜில்லாக் கோர்ட்டுப் பதிவேடுகளையும் கிராமத்து முதியவர்களின் ஞாபகங்களையும் தேடித் திரட்டினார். இந்தப் பழக்கமே பின்னால் ஒரு பெருங்கம்பெனிக்கு யமனாக முடிந்தது.

1901-ம் வருஷம், அந்நாட்டில் பெருகிவந்த ஏகபோகக் கூட்டுகளில் ஒன்றின் கதையை முழுவதும் எழுதுவதென்று மக்ளூர் பத்திரிகையார் தீர்மானித்தார்கள். எண்ணெய்ப் பிரதேசத்தில் பிறந்து வளர்ந்த அம்மையாரிடம் அப்பொறுப்பு வந்தது. செய்தி கேட்ட தகப்பனார் வேண்டாமென்று தடுத்தார். கம்பெனியார் பத்திரிகையையே அழித்துவிடுவார்கள் என்று அஞ்சினார். தொட்டி செய்து பிழைத்த அந்தக் கிழவர் கண்டறிந்த உலகம் அது. மகள் கேட்கவில்லை.

அம்மையார் சென்ற வழி வக்கீல் தொழில் செய்வோர் ஊன்றிப் பார்க்கத்தக்கது. முப்பது வருஷ காலமாக ஸ்டாண்டர்டு கம்பெனியின்மேல் விசாரணைகள் பல நடந்திருந்தன. சட்டசபைக் கமிட்டிகளிலும், மாகாணக் கோர்ட்டுகளிலும், ரயில்வே விவகாரங்களிலும் பிரமாணத்தின்மேல் கொடுத்த வாக்குமூலங்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களில் அச்சாகிப் புழுதி படிந்து கிடந்தன. அம்மையார் அவை ஒவ்வொன்றையும் தேடிப் படித்தார். சவுத் இம்ப்ரூவ்மெண்ட் கம்பெனியின் வரலாற்றைப் பற்றி 1873-ல் அச்சான ஒரு சிறு புஸ்தகத்தின் பிரதிகளையெல்லாம் யாரோ வாங்கி அழித்துவிட்டார்கள் என்பது ஊர்ப்பேச்சு. நியூயார்க் பொது நூல்நிலையத்தில் ஒரு பிரதி தப்பிக் கிடந்ததை அவர் கண்டெடுத்தார். அழித்தவன் கைக்கு எட்டாத ஒரு பிரதி எங்கேயாவது இருக்கும் என்ற நம்பிக்கையே சரித்திரக்காரனுக்கு மூலதனம்.

எதிர்க்கட்சியின் வார்த்தையையும் அவர் கேட்டார். ஸ்டாண்டர்டு கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவரான ஹென்றி ராஜர்ஸ் என்பவருக்கு அம்மையாரைச் சந்திக்க விருப்பமுண்டென்று மார்க் டுவெய்ன் என்ற பிரசித்திபெற்ற ஆசிரியரின் மூலம் தகவல் வந்தது. 1902-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் இருவரும் சந்தித்தார்கள். ராஜர்ஸும் இளவயதில் அதே எண்ணெய்ப் பள்ளத்தாக்கில் தொழில் செய்தவர். ஏறக்குறைய இரண்டு வருஷ காலம் அம்மையார் கம்பெனியின் தலைமைக் காரியாலயத்துக்கே சென்று, தாம் கண்டுபிடித்த ஒவ்வொரு விஷயத்தையும் அவர்முன் வைத்து, கம்பெனியின் சமாதானத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஏற்கத்தக்க சமாதானத்தை ஏற்றார், மற்றதைத் தள்ளினார்.

1902-ம் வருஷம் நவம்பர் முதல் 1904-ம் வருஷம் அக்டோபர் வரையில் 19 பகுதிகளாக அச்சரித்திரம் வெளிவந்தது. 1904-லேயே இரண்டு பாகங்களில் புஸ்தகமாயிற்று. அதில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் இங்கே எடுத்துக் காட்டுவோம். ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஆலை ஒன்றில் மாதந்தோறும் பழைய காகிதங்களைத் தீயிலிடும் வேலை ஒரு பையனுக்கு இருந்தது. ஒரு நாள் அந்தக் காகிதங்களில், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் தனக்குப் பாடம் சொன்ன ஆசிரியரின் பெயரைக் கண்டான். அவர் தனிப்பட்ட முறையில் எண்ணெய் ஆலை நடத்தி வந்தவர். அவர் யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை பீப்பாய் அனுப்பினார் என்ற விவரம் ரயில்வே குமாஸ்தாக்களிடமிருந்து கம்பெனிக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பையன் அக்காகிதங்களைப் பொறுக்கி ஆசிரியரிடம் கொடுத்தான். அவை அம்மையாரின் கைக்கு வந்தன. 1872-ல் ஒழிந்ததாக எண்ணிய ஷரத்து, முப்பது வருஷத்துக்குப் பிறகும் உயிரோடிருந்தது. இவ்விஷயம் அச்சில் வந்தபின் ராஜர்ஸ் அவரைச் சந்திப்பதை நிறுத்திவிட்டார்.

அம்மையாரைக் குறை கூறியவர்கள் அந்நாளிலும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவருடைய தகப்பனார் நஷ்டமடைந்தவர். சகோதரர் ஸ்டாண்டர்டுக்குப் போட்டியான ப்யூர் ஆயில் கம்பெனியில் உத்தியோகஸ்தர். ஆகவே இவர் பாரபட்சமற்ற சாட்சியல்லர் என்று அவர்கள் வாதிக்கிறார்கள். 1905-ல் அவர் ராக்பெல்லரின் உருவத்தையும் குணத்தையும் பற்றி எழுதிய கட்டுரையில் கடுமை எல்லை கடந்துவிட்டது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சாட்சிக்குச் சொந்த அக்கறை உண்டென்றால் அவருடைய வாய்மொழியைச் சந்தேகிக்கலாம். அவர் கொண்டுவரும் தஸ்தாவேஜு பொய்யாகிவிடாது. மேலும், ஸ்டாண்டர்டு கம்பெனியின் திறமையையும் சிக்கனத்தையும் புகழ்வதற்கென்றே தம் நூலில் ஓர் அத்தியாயத்தை அவர் ஒதுக்கினார். பெரிய கம்பெனியாயிருப்பது குற்றம் என்று அவர் சொல்லவில்லை. திறமையோடு நியாயமும் இருந்திருந்தால் அவர்களுக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்பதே அவருடைய கேள்வி.

அவர் நிரூபித்தது என்ன? எண்ணெயைப் பூமியிலிருந்து எடுக்கும் வேலையில் ஸ்டாண்டர்டு கம்பெனி முதலில் இறங்கவே இல்லை. கிணற்றுக்கும் விளக்குக்கும் நடுவேயுள்ள பாதையை அது பிடித்தது. ரயில் பாதையை முதலில் பிடித்தது. ரயிலுக்குப் போட்டியாகக் குழாய் வந்தபோது குழாயையும் பிடித்தது. 1879-ல் டைட்வாட்டர் கம்பெனியார் மலைத்தொடரைக் கடந்து நூறு மைலுக்கு மேல் குழாய் அமைத்து ஸ்டாண்டர்டின் பிடியிலிருந்து தப்ப முயன்றார்கள். உலகம் வியந்த சாதனை அது. நான்கு வருஷத்துக்குள், 1883-ல், அவர்களே ஸ்டாண்டர்டோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். குழாய் வியாபாரத்தில் நூற்றுக்கு 88½ பங்கு ஸ்டாண்டர்டுக்கு, 11½ பங்கு டைட்வாட்டருக்கு. பாதை எவன் கையிலோ, விலையும் அவன் கையில். விலை எவன் கையிலோ, வாங்குபவனும் விற்பவனும் அவனுக்கு அடிமை.

இந்த உண்மை ஜனங்களுக்கு விளங்கியதும் சட்டம் அசைந்தது. 1906-ல் நிறைவேறிய ஹெப்பர்ன் சட்டம், மாகாணம் விட்டு மாகாணம் எண்ணெய் கொண்டுசெல்லும் குழாய்களைப் பொதுச் சாலைகளாக்கிற்று. யார் சரக்குக் கொடுத்தாலும் நியாயமான விகிதத்தில் ஏற்றிச் செல்ல வேண்டுமென்று விதித்தது. அதே வருஷம் சர்க்கார் ஸ்டாண்டர்டு கம்பெனியின்மேல் வழக்குத் தொடுத்தது. அதன் முடிவுதான் நாம் தொடக்கத்தில் கூறிய 1911-ம் வருஷத்துத் தீர்ப்பு.

கதை இங்கே சுபமாக முடிந்ததென்று சொல்ல நமக்கு ஆசைதான். நடந்தது வேறு. பிரிந்த 34 கம்பெனிகளிலும் ராக்பெல்லருக்குப் பங்குகள் இருந்தன. மோட்டார் வண்டிகள் பெருகின. விளக்குக்கு எண்ணெய் என்ற காலம் போய் வண்டிக்குப் பெட்ரோல் என்ற காலம் வந்தது. பங்குகளின் விலை ஏறிற்று. தீர்ப்பினால் தோற்றவர் தீர்ப்புக்குப்பின் முன்னைவிடப் பெரிய தனவந்தரானார். எண்ணெய் வியாபாரத்திலிருந்த அநியாயத்தை நீதிமன்றம் கண்டித்தது. எண்ணெய் இன்றி ஒரு நாடே அசைய முடியாது என்று வளர்ந்துவந்த நிலைமை அதன் முன் வழக்காகவே வரவில்லை. அம்மையாரின் நூலிலும் அந்தக் கேள்வி இல்லை. அவருடைய காலத்துக்கு அது புலப்படவில்லை.

பிற்காலத்தில் அவர் தம் கருத்துக்கள் சிலவற்றால் நண்பர்களையே திகைக்க வைத்தார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்ற இயக்கத்தில் அவர் சேரவில்லை, எதிர்த்தும் எழுதினார். எஃகுக் கம்பெனித் தலைவரான காரியின் சரித்திரத்தை 1925-ல் அனுதாபத்தோடு எழுதி வெளியிட்டார். 1939-ல் சுயசரிதை எழுதினார். 1944-ம் வருஷம் ஜனவரி மாதம் 6-ந் தேதி, கனெக்டிகட் மாகாணத்தில், 86-வது வயதில் காலமானார். அவருடைய உடலை எண்ணெய் பிறந்த டைட்டஸ்வில்லிலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் உடைத்த கம்பெனியின் துண்டுகளோ வளர்ந்தன. நியூ ஜெர்ஸி ஸ்டாண்டர்டு, எக்ஸானாயிற்று. நியூயார்க் ஸ்டாண்டர்டு, மொபிலாயிற்று. இரண்டும் 1999-ல் மறுபடியும் ஒன்றாயின. கலிபோர்னியா ஸ்டாண்டர்டு இன்று ஷெவ்ரான். நம் தேசத்திலும் அக்குடும்பத்தின் கிளை எஸ்ஸோ என்ற பெயரில் பெட்ரோல் விற்று வந்தது. 1974-ல் இந்திய சர்க்கார் அதை எடுத்துக்கொண்டு ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் என்ற பொதுத்துறை ஸ்தாபனமாக்கிற்று.

அந்த வம்சத்தைச் சேர்ந்த எக்ஸான் கம்பெனியின் நடத்தையை இனிப் பார்ப்போம். எண்ணெயையும் நிலக்கரியையும் எரிப்பதால் வாயுமண்டலத்தில் கரியமில வாயு சேர்ந்து பூமி சூடேறும் என்பதை அக்கம்பெனியின் விஞ்ஞானியான ஜேம்ஸ் பிளாக் 1977-லேயே நிர்வாகிகளுக்கு எடுத்துரைத்தார். கம்பெனி தன் கப்பலொன்றில் கருவிகளை வைத்துக் கடலிலும் காற்றிலும் அவ்வாயுவை அளந்தது. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தொழிலிலும் 1973 முதல் அது முதலீடு செய்தது. இன்று மோட்டார் வண்டிகளை ஓட்டும் லித்தியம் பாட்டரிக்கு வித்திட்ட ஆராய்ச்சியும் 1970-களில் அதன் கூடத்தில் நடந்தது. அதைச் செய்த விட்டிங்ஹாம் 2019-ல் நோபெல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். விதை நெல் அவர்கள் களஞ்சியத்திலேயே இருந்தது. 1980-களில் எண்ணெய் விலை இறங்கியதும் அந்த முயற்சிகளைக் கைவிட்டார்கள்.

கைவிட்டதோடு நிற்கவில்லை. 1989-ல் எண்ணெய், நிலக்கரி, மோட்டார் முதலாளிகள் கூடி அமைத்த உலகப் பருவநிலைக் கூட்டணி என்ற சங்கத்தில் எக்ஸானும் சேர்ந்தது. 2002 வரை இருந்த அச்சங்கம், விஞ்ஞானிகளிடையே பெரிய சந்தேகம் இருப்பதாகப் பொதுஜனங்களை நம்பவைக்கப் பாடுபட்டது. 1997-ல் கம்பெனியின் தலைவர் ரேமண்ட், பீக்கிங் நகரத்தில் நடந்த எண்ணெய் மகாநாட்டில், அவசரப்பட்டு எண்ணெயைக் குறைக்க வேண்டாமென்று உபதேசித்தார். கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகள் முன்னறிந்து சொன்ன வெப்ப ஏற்றம் பெரும்பாலும் சரியாகவே பலித்திருக்கிறதென்று 2023-ல் ஸயன்ஸ் என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

இவையெல்லாம் வெளிவந்தது எவ்வாறு? 2015-ல் இரண்டு பத்திரிகை ஸ்தாபனங்களைச் சேர்ந்தவர்கள் கம்பெனியின் பழைய குறிப்புகளையும் கடிதங்களையும் தேடிப் படித்தார்கள். டார்பெல் அம்மையாரின் முறைதான். அந்த விசாரணைகளுக்குப் பொருளுதவி செய்தவற்றில் ராக்பெல்லர் சந்ததியாரின் தரும நிதிகளும் இருந்தன. ஆகையால் அது பாரபட்சமான காரியமென்றும், குறிப்புகளைப் பொறுக்கியெடுத்துத் திரித்துவிட்டார்கள் என்றும் கம்பெனி வாதித்தது. பங்குதாரர்களை ஏமாற்றியதாக நியூயார்க் மாகாண சர்க்கார் தொடுத்த வழக்கில் 2019-ல் கம்பெனியே ஜயித்தது என்பதையும் நேர்மையை முன்னிட்டுச் சொல்ல வேண்டும். அவ்வழக்கு கணக்குகளைப் பற்றியது. 1977-ல் சொன்னதும் 1997-ல் சொன்னதும் முரண்படுகின்றன என்பதை அத்தீர்ப்பு மாற்றிவிடவில்லை.

இனி, சூரியனையும் காற்றையும் ஒருவரும் ஏகபோகமாக்க முடியாது. ஆகவே புதிய சக்தி வந்தால் பழைய அடிமைத்தனம் தானே ஒழியும் என்று சிலர் எண்ணுகிறார்கள். 2010-க்கும் 2023-க்கும் நடுவே பெரிய சூரிய மின்நிலையங்களில் உற்பத்தியாகும் மின்சாரத்தின் அடக்கவிலை உலக சராசரியில் நூற்றுக்கு 90 பங்கு குறைந்துவிட்டது உண்மை. ஆனால் பூமிக்கடியிலிருந்த எண்ணெயையும் ராக்பெல்லர் முதலில் ஏகபோகமாக்கவில்லை என்பதை மறக்கக்கூடாது. சூரியனுக்கும் வீட்டுக்கும் நடுவிலும் ஒரு பாதை இருக்கிறது. அது மின்கம்பி. அமெரிக்காவில் 1996-ல் மத்திய சக்திக் கமிஷன், மின்கம்பிகளின் சொந்தக்காரர்கள் மற்றவர்களுடைய மின்சாரத்துக்கும் பாரபட்சமின்றி வழிவிட வேண்டுமென்று உத்தரவிட்டது. அப்படியிருந்தும், 2023-ம் வருஷ முடிவில் அந்நாட்டில் கம்பியோடு இணைப்புக் கேட்டு வரிசையில் நின்ற நிலையங்களின் மொத்தத் திறன் ஏறக்குறைய 2,600 ஜிகாவாட். அந்நாட்டில் அன்றிருந்த எல்லா மின்நிலையங்களின் திறனைப்போல் இரு மடங்கு. வரிசையில் நிற்பவை எல்லாம் கட்டப்படுபவையல்ல, தாமதமெல்லாம் சதியுமல்ல. எனினும் வாசற்படியில் உட்கார்ந்திருப்பவன் யார், அவனுடைய லாபம் எதில் இருக்கிறது என்று கேட்பது நியாயமே. பாதை இருக்கட்டும், பொருளிலும் ஆபத்துண்டு. சூரியத் தகடு செய்யும் தொழிலின் ஒவ்வொரு படியிலும் உலக உற்பத்தியில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் சீன தேசத்தில் இருப்பதாகச் சர்வதேச சக்தி ஸ்தாபனம் 2022-ல் கணக்கிட்டது.

எண்ணெய் முதலாளியை வைதுவிட்டுச் சூரிய முதலாளிக்கு மாலையிடுவதால் ஜனங்களுக்கு விமோசனம் வந்துவிடாது. எரிபொருள் மாறினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை. பாதை யாருடையது? கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதானா? கம்பெனி தனக்குத் தெரிந்ததை ஜனங்களுக்குச் சொல்லுகிறதா? 1911-ல் கம்பெனியை உடைத்தவர்கள் முதலிரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். மூன்றாவதைக் கேட்கத் தவறினார்கள். தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து வாங்கும் நம் தேசத்துக்கு இம்மூன்று கேள்விகளும் அயலார் விவகாரமன்று.

பொதுக்காரியத்தில் இறங்கியிருக்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். மேடையில் முதலாளித்துவத்தைச் சாடுவது எளிது. மின்கட்டணக் கமிஷனின் உத்தரவையும், சட்டசபைக் கமிட்டியின் அறிக்கையையும், கம்பெனிகள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களின் ஷரத்துக்களையும் உட்கார்ந்து படிப்பது கடினம். டார்பெல் அம்மையார் அந்தக் கடினமான வேலையை மூன்று வருஷம் செய்தார். ஊர்தோறும் அத்தகைய ஒருவர் இருந்தால், அடுத்த தலைமுறையின் விளக்கு யாருடைய தயவில் எரிய வேண்டும் என்பதை ஜனங்களே தீர்மானிப்பார்கள்.